இரண்டு ஊசி

அத்தியாயம் 11

தங்கைக்கும் அந்த நோய் இருக்கிறது என்று தெரிந்த மாலையில், பெரியவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே ஒரு நொடி, அவ்வளவுதான். அடுத்த நொடியே தன்மேல் தனக்கே அருவருப்பாகி, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஆனாலும் வந்தது வந்ததுதான். தண்ணீர் விட்டுக் கழுவினால் போகிற சமாச்சாரமா அது?

கண்ணாடிக் கடையில் பதினோரு வருஷமாக லென்ஸை வெட்டிப் பிரேமில் பொருத்துகிறவள் அவள். முப்பத்து நான்கு வயதில் முதல் பிள்ளை. இப்போது ஆறாவது மாதம். கர்ப்பம் என்று எடுத்த வழக்கமான ரத்தப் பரிசோதனையில்தான் ஹெபடைடிஸ் பி என்ற பெயர் அந்தக் குடும்பத்துக்குள் நுழைந்தது. கல்லீரலில் போய்த் தங்கிக்கொள்ளும் வைரஸ். வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். லிப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரருக்கு ஒன்றுமில்லை. தடுப்பூசியில் முதல் தவணை போட்டாயிற்று. அம்மாவுக்கு இருந்தது. "பிறக்கும்போதே அம்மாகிட்டேருந்து உங்களுக்கு வந்திருக்கும்" என்று டாக்டரம்மா சொன்னபோது, அம்மா அப்போதுதான் கேட்கிறவள் மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

மிச்சம் இருந்தவள் தங்கை ஒருத்திதான். குட்டி.

இருபத்தெட்டு வயதாகிறது, டிரைவிங் ஸ்கூலில் ஊருக்கே கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறாள், இன்னும் குட்டிதான். அம்மா இருப்பது அவளோடுதான். குட்டிக்குக் காய்ச்சல் என்றால் அம்மா அந்தக் காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு லீவு போடுவாள். பெரியவளுக்குக் காய்ச்சல் என்றால் மேஜைமேல் மாத்திரையும் பக்கத்தில் தண்ணீரும் இருக்கும். "நீதான் சமர்த்தாச்சே" என்பாள் அம்மா. அந்தச் சமர்த்துப் பட்டத்தைக் கேட்டாலே பெரியவளுக்கு வயிறு எரியும்.

அந்தக் குட்டிதான் அன்று மாலை தன் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். அவசரத்தில் எடுத்தது, பெரும்பகுதி கட்டைவிரலில் மறைந்திருந்தது. தெரிந்தது ஒரு வரிதான், அதுவும் முன்பாதி இல்லாமல். கடைசியில் 'ஹெச்.பி.எஸ்.', பக்கத்தில் 'பாசிட்டிவ், 412'.

"அக்கா, இது நல்லதா கெட்டதா?" என்று கேட்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த ஒரு நொடி. இப்போ தெரியும் உனக்கு என்று உள்ளே ஒரு குரல் கைதட்டியது.

"பயப்படாதே குட்டி. நாளைக்கு டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்" என்று பெரியவள் பதில் அனுப்பினாள். அதோடு விடாமல் இன்னும் ஏழெட்டு ஆறுதல் மெசேஜும் அனுப்பினாள்.

மறுநாள் காலையில் கடையில் வேலை ஓடவில்லை. ஒரு வாத்தியாரின் வலது கண்ணுக்கு வெட்டிய லென்ஸை அவர் மனைவியின் பிரேமில் மாட்டப் போனாள். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது? புருஷன் கண்ணால பொண்டாட்டி பார்க்கணுமா? குடும்பத்துல குழப்பத்தை உண்டு பண்ணிடாதே."

"டாக்டர்கிட்ட போகணும் சார். அதே யோசனையா இருக்கு."

"போய்ட்டு வா. லென்ஸ் எங்க ஓடிப்போகுது?"

பதினொன்றரைக்குக் கடை வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் வந்து நின்றது. கூரையில் பெரிய எழுத்தில் பலகை. குட்டி ஹாரனை இரண்டு தடவை தட்டினாள்.

"காலைக் கொஞ்சம் மடக்கி வெச்சுக்கோக்கா. பிரேக் உன் பக்கமும் இருக்கு" என்றாள், பெரியவள் ஏறி உட்கார்ந்ததும்.

முகத்தில் ஒரு கவலை கிடையாது. பெரியவள் அதையும் கவனித்தாள்.

டாக்டரம்மா ஒல்லியான, நிதானமான பெண். அம்மாவுடையது, பெரியவளுடையது, குட்டியுடையது என்று மூன்று ரிப்போர்ட்டையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"முதல்ல தங்கச்சியோடது. பயந்துட்டீங்களா?"

"நான் எங்க பயந்தேன்? அக்காதான். நேத்துப் பூரா எனக்கு ஆறுதல் சொல்லிட்டிருந்தா."

பெரியவள் தரையைப் பார்த்தாள்.

"பயப்பட ஒண்ணுமே இல்ல. இதுல மூணு வரி இருக்கு, பாருங்க. முதல் வரி ஹெச்.பி.எஸ். ஏ.ஜி. அது வைரஸோட மேல்தோல்னு வெச்சுக்கங்க. அது ரத்தத்துல இருந்தா, வைரஸ் இப்போ உள்ள இருக்குன்னு அர்த்தம். உங்களுக்கு நெகட்டிவ். ரெண்டாவது வரி ஆன்டி ஹெச்.பி.எஸ். அது வைரஸை உள்ள விடாம உடம்பு போட்டிருக்கற காவல். அதுதான் பாசிட்டிவ். பத்துக்கு மேல இருந்தாலே போதும். உங்களுக்கு நானூத்திப் பன்னெண்டு இருக்கு. ஜம்முனு இருக்கீங்க."

"ஆன்டின்னு போட்டிருந்ததும் என் வயசைத்தான் சொல்லிக் காட்டறாங்கன்னு நெனச்சேன் டாக்டர்."

டாக்டரம்மா சிரித்தார். குட்டி சிரித்தாள். பெரியவளும் பல்லைக் காட்டி வைத்தாள்.

பாசிட்டிவ். அதே வார்த்தைதான். குட்டியின் தாளில் உட்கார்ந்தால் காவல், தன் தாளில் உட்கார்ந்தால் நோய். நேற்று கைதட்டிய குரல் இப்போது எங்கே போய் ஒளிந்துகொண்டதோ. அவமானம் ஒரு பக்கம் இருக்க, பழைய எரிச்சல் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது.

"மூணாவது வரி கோர் ஆன்டிபாடி" என்று டாக்டரம்மா தொடர்ந்தார். "வைரஸ் என்னைக்காவது உள்ள வந்துட்டுப் போயிருந்தா இது பாசிட்டிவா இருக்கும். உங்களுக்கு நெகட்டிவ். அப்படின்னா இந்தக் காவல் நோய் வந்து கிடைச்சதில்ல, தடுப்பூசியால கிடைச்சது."

அடுத்தது பெரியவளுடைய தாள். டாக்டரம்மா ஒரு எண்ணின் அடியில் பேனாவால் கோடு போட்டார்.

"டி.என்.ஏ. ரிசல்ட் வந்துடுச்சு. இது ஒரு மில்லி ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு சொல்றது. உங்களுக்கு ஒரு கோடியே எழுபது லட்சம்."

பெரியவள் அந்தக் கோட்டையே பார்த்தாள். கண்ணாடிக் கடையில் அவள் பார்க்கிற எண்கள் எல்லாம் ஒன்றேகால், இரண்டரை என்று கைக்கு அடக்கமானவை. கோடியை அவள் தன் பெயருக்குப் பக்கத்தில் பார்த்ததே இல்லை.

"பதறாதீங்க. இந்த எண்ணைப் பார்த்து கல்லீரல் கெட்டுப்போச்சுன்னு முடிவு கட்டக் கூடாது. இது வைரஸ் எத்தனைன்னு மட்டும்தான் சொல்லும். கல்லீரல் எப்படி இருக்குன்னு சொல்றது வேற டெஸ்ட். உங்களுக்கு அந்த ஏ.எல்.டி. சரியா இருக்கு, ஸ்கேனும் சுத்தமா இருக்கு. பிறக்கும்போதே வந்தவங்களுக்குப் பல வருஷம் இப்படித்தான் இருக்கும். உடம்பு அதோட சண்டைக்குப் போகாம விட்டு வெச்சிருக்கும்."

"குழந்தைக்கு?"

"அதுக்குத்தான் இந்த எண்ணே வேணும். ரெண்டு லட்சத்தைத் தாண்டினா பிரசவத்துல குழந்தைக்குப் போற வாய்ப்பு அதிகம். அதனால ஏழாவது மாசம் ஆரம்பிச்சதும் தினம் ஒரு மாத்திரை, இந்த எண்ணைக் கீழ இறக்க. குழந்தை பிறந்த பன்னெண்டு மணி நேரத்துக்குள்ள ரெண்டு ஊசி. ஒண்ணு எல்லாக் குழந்தைக்கும் போடற தடுப்பூசி. இன்னொண்ணு அம்மாவுக்கு நோய் இருந்தா மட்டும் போடறது, உடனடிக் காவலுக்கு. எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சா, அநேகமா குழந்தைக்கு வராது. தாய்ப்பாலும் தாராளமா கொடுக்கலாம்."

பெரியவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்கு எவ்வளவு கோடி?"

"அவங்க ரத்தத்துல வைரஸ் டி.என்.ஏ. தெரியவே இல்லை."

"எனக்குக் கொடுத்தவங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

"நோய் இருக்கு. சத்தம் போடாம இருக்கு, அவ்வளவுதான். வயசாக ஆகச் சிலருக்கு இப்படி அடங்கிடும். இது யார் ஜெயிச்சாங்கற போட்டி இல்லம்மா."

போட்டி இல்லையாம். பெரியவளுக்கு அது போட்டியாகத்தான் தெரிந்தது. மூன்று பேர் ஓடி, அவள் மட்டும் கோடிக்கணக்கில் தோற்றிருந்தாள்.

இறுக்கத்தைத் தளர்த்த நினைத்தோ என்னவோ, குட்டி வாயைத் திறந்தாள்.

"கவலைப்படாதேக்கா. எனக்கும் பிறந்த அன்னைக்கே ரெண்டு ஊசிதான் போட்டாங்களாம், ரெண்டு தொடையிலயும். நான் எப்படி இருக்கேன் பாரு."

எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் பேனா நின்றது. அவர் நிமிர்ந்து பெரியவளைப் பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

கார் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியது. இரண்டாவது ஊசி, அம்மாவுக்கு நோய் இருந்தால் மட்டும். அதை அவள் மனசுக்குள் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். எப்படித் திருப்பினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது: குட்டி பிறந்த அன்றே அம்மாவுக்கு நோய் இருப்பது தெரிந்திருக்கிறது.

"ரெண்டு ஊசின்னு உனக்கு யார் சொன்னா?"

குட்டி தேவையில்லாமல் கியரை மாற்றினாள்.

"ஏதோ சொன்னாங்க. ஞாபகம் இல்ல."

"குட்டி."

"அம்மாதான்."

"எப்போ?"

"காலேஜ்ல சேர்ந்தப்போ. ரத்ததானம் பண்றதுக்குப் பேர் கொடுத்துட்டு வந்தேன். அப்போ சொன்னா. எனக்கு இந்த நோய் இருக்கு, உனக்கு ஊசி போட்டாச்சு, இருந்தாலும் ஒருதடவை செக் பண்ணி பூஸ்டர் போட்டுக்கோன்னு."

"பத்து வருஷமா உனக்குத் தெரியும்."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாக்கா."

"யார்கிட்டயும்னா?"

குட்டி சாலையையே பார்த்தாள். சிக்னல் பச்சையாக இருந்தது. வண்டி மெதுவாக நகர்ந்தது.

"யார்கிட்டயும்னா யாருடி?"

"உன்கிட்ட."

பெரியவளின் கால் தானாக நீண்டது. தன் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். கார் நடுச்சாலையில் குலுங்கி நின்றது. பின்னால் வந்த வேன்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்தார், கூரைப் பலகையைப் பார்த்துவிட்டு, "கத்துக்கறவங்களை மெயின் ரோட்டுக்கு ஏன் கொண்டு வர்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஒதுங்கிப் போனார்.

"வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு என்னக்கா பண்றே?" குட்டி வண்டியை ஓரம் கட்டினாள்.

"ரெண்டு பேரும் உட்கார்ந்து ரகசியம் பேசியிருக்கீங்க. போன மாசம் டாக்டர் சொன்னப்போ அம்மா கன்னத்துல கை வெச்சுக்கிட்டாளே, அதுவும் நடிப்பு. நீயும் பக்கத்துல நின்னு பார்த்துட்டிருந்தே."

"எனக்கு அது பிடிச்சிருந்ததுன்னு நினைக்கறியா? உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையில நிக்கும். ஒவ்வொரு தடவையும் அம்மாகிட்ட சண்டை போட்டிருக்கேன், அக்காகிட்ட சொல்லும்மான்னு. நாளைக்கு நாளைக்குன்னே பத்து வருஷத்தை ஓட்டிட்டா."

"சண்டையாவது போட்டிருக்கே அவளோட. எனக்கு அதுக்கும் கொடுத்து வைக்கலை."

குட்டி திரும்பி அக்காவைப் பார்த்தாள். நோயைவிட, கோடிக்கணக்கைவிட, இதுதான் அவளை அதிகம் சுட்டிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது போலிருந்தது.

குட்டியின் வீட்டுக்குப் போனபோது அம்மா சோபாவில் உட்கார்ந்து உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?"

பெரியவள் தன் ரிப்போர்ட்டை மடித்த துணிகளின் மேலே வைத்தாள்.

"குட்டிக்குப் பிறந்த அன்னைக்கு எத்தனை ஊசி போட்டாங்கம்மா?"

அம்மா குட்டியைப் பார்த்தாள். குட்டி, "நான் டீ போடறேன்" என்று சமையலறைக்குள் போய்விட்டாள். அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பெரியவள் தன் கையால் பொருத்திக் கொடுத்த கண்ணாடி.

"ரெண்டு" என்றாள்.

"அப்போ உனக்குத் தெரியும்."

"அப்போதான் தெரிஞ்சுது. நீ பிறந்தப்போ யாரும் அந்த டெஸ்ட் எடுக்கலை. இவ வயித்துல இருக்கும்போது எடுத்தாங்க. பிறந்ததும் நர்ஸ் ஊசி போட்டுட்டு, மூத்ததையும் கூட்டிட்டு வந்து பார்த்துடுங்கன்னா. உனக்கு ஆறு வயசு."

"ஏன் பார்க்கலை?"

"கூட்டிட்டுப் போனேன்." அம்மா ஒரு துண்டை எடுத்து மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். "குட்டியைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, உன்னை மட்டும் பஸ்ஸுல கூட்டிட்டுப் போனேன். பெஞ்சுல உட்கார்ந்தோம். நம்ம முறை வந்ததும் கவுன்டர்ல இருந்தவன் வீட்டு விலாசம் கேட்டான், ரிசல்ட் தபால்ல வரும்னான். தபால் உங்கப்பா கைக்குத்தான் வரும். எனக்கே இருக்குங்கறதை நான் அவர்கிட்ட சொல்லலை. அவர் வீட்டுல நான் நின்னா குத்தம், உட்கார்ந்தா குத்தம். நோய்க்காரின்னு தெரிஞ்சா உங்க ரெண்டு பேரையும் வாங்கிக்கிட்டு என்னை வெளியில தள்ளியிருப்பாங்க. எழுந்துட்டேன்."

பெரியவளுக்கு அந்த நாள் தெரியும்.

பச்சை பெயின்ட் அடித்த நீள பெஞ்சு. கையில் ஒரு நம்பர் சீட்டு. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம், கையில் ஆரஞ்சு ஐஸ். அம்மா வழியெல்லாம் அவள் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். தங்கை பிறந்த பிறகு அம்மா தன்னை மட்டும் கூட்டிக்கொண்டு போன ஒரே நாள் அது. குட்டிமேல் பொறாமை பொங்கும்போதெல்லாம் அந்த நாளை எடுத்துத்தான் அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வாள். என்னோடு மட்டும் ஒருநாள் வந்தாள் என்று. இருபத்தெட்டு வருஷமாகப் பொத்தி வைத்திருந்த அந்த ஒரு நாளும் இப்போது கையைவிட்டுப் போயிற்று.

"அடுத்த மாசம் போகலாம்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. "அப்புறம் அடுத்த வருஷம்னு ஆச்சு. நீ ஓடிக்கிட்டே இருந்தே, ஒரு தலைவலி கிடையாது உனக்கு. பார்க்கப் பார்க்க, உனக்கு இருக்காதுன்னு நானே நம்பிட்டேன். உன்கிட்ட வந்தா அது ஞாபகம் வந்துடும். அதான் கொஞ்சம் தள்ளியே நின்னுட்டேன்."

"அப்பா போயும் பதினஞ்சு வருஷம் ஆச்சும்மா. அப்புறம் யாருக்குப் பயந்தே?"

"உனக்குத்தான்."

பெரியவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள்.

"அவகிட்ட சொன்னா கத்துவா, அழுவா, ஒரு மணி நேரத்துல சரியாப்போயிடும். உன்கிட்ட சொன்னா நீ பேசாம இருந்துடுவே. அதை என்னால தாங்க முடியாதுன்னு நெனச்சேன்."

பிள்ளை வயிற்றுக்குள் ஒரு பக்கமாகப் புரண்டது. பெரியவள் அங்கே கை வைத்தாள். இதற்கும் பிறந்த அன்றே இரண்டு ஊசி போட்டுவிடுவார்கள், பன்னிரண்டு மணி நேரத்துக்குள். இதுவும் தப்பித்துவிடும். நல்லபடியாகத் தப்பிக்கட்டும் என்று மனசார நினைத்தாள். நினைத்த கையோடு சுருக்கென்று ஒன்று தைத்தது. வயிற்றில் இருக்கிறதைப் பார்த்துக்கூடப் பொறாமைப்படுகிற ஜென்மமா நான் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அப்போது அவள் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர். ஜன்னல் பக்கம் நகர்ந்து எடுத்தாள்.

"டாக்டர் ரூம்லேருந்து நர்ஸ் பேசறேம்மா. உங்கம்மாவுக்கு முந்தாநாள் எடுத்த ஸ்கேன் இப்போதான் வந்துச்சு. அவங்க ஃபாரத்துல உங்க நம்பர்தான் இருக்கு. கல்லீரல்ல ஒரு இடம் தெளிவா இல்லைன்னு டாக்டர் சொல்றாங்க. என்னன்னு இப்போ சொல்ல முடியாது, ஆனா தள்ளிப்போட வேண்டாம்னாங்க. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு இன்னொரு ஸ்கேனுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க."

"டி.என்.ஏ. இல்லைன்னு சொன்னாங்களே?"

"அது இல்லேன்னாலும் ஸ்கேன் பார்க்கணும்மா. ரொம்ப வருஷமா இருக்கற நோய் இல்லையா? ஒன்பது மணி, மறந்துடாதீங்க."

"யாருக்கா போன்ல?" சமையலறையிலிருந்து குட்டி கேட்டாள்.

"கடையிலேருந்து."

பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று பெரியவளே எதிர்பார்க்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வரேன். ஆஸ்பத்திரிக்குப் போகணும். நீயும் நானும் மட்டும்."

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குரல்களைக் கேட்டே சம்பாதித்தவள். குரலைத் தாழ்த்தினால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

"எனக்கா?"

"போய்ப் பார்த்துக்கலாம்மா. குட்டிகிட்ட இப்போ சொல்ல வேண்டாம்."

அம்மா மெல்லத் தலையை ஆட்டினாள். கை நீண்டு பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பெரியவள் உதறவில்லை.

குட்டி மூன்று கப்போடு வந்தாள். வழக்கம்போல அம்மாவை ஒட்டி உட்கார இடம் பார்த்தாள். அங்கே பெரியவள் இருந்தாள். ஒரு நொடி தயங்கிவிட்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலையில எனக்கு கிளாஸ் இல்லம்மா" என்றாள், எல்லாம் பழையபடி ஆகிவிட்டதா என்று சோதிக்கிற குரலில். "உன்னை எங்கயாவது கூட்டிட்டுப் போகட்டுமா?"

"நாளைக்கு வேண்டாம்டி. பெரியவகூட ஒரு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

அம்மா பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் டீயை ஊதினாள்.

குட்டியின் கண் அக்காவின் முகத்துக்கும் அம்மா பிடித்திருந்த மணிக்கட்டுக்கும் போய்ப் போய் வந்தது. அந்தப் பார்வை பெரியவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. இருபத்தெட்டு வருஷமாக அது அவள் முகத்தில்தான் குடியிருந்தது.